சுரந்தது எங்கே போகிறது? நாளமுள்ள, நாளமில்லாச் சுரப்பிகளைப் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் உயிரியலைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவருகிறேன். பிட்யூட்டரி, பீனியல், தைராய்டு, பாராதைராய்டு, தைமஸ், அட்ரினல் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம், "சரி, வியர்வைச் சுரப்பி எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "அது இந்த லிஸ்ட்ல இல்லையே சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. பட்டியலை மனப்பாடம் செய்து இந்தப் பாடத்துக்குள் நுழைந்தவர்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டதும் திகைத்துப் போகிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவர்கள், செவிலியர் படிப்பிலும் ஆய்வக நுட்பப் படிப்பிலும் முதலாண்டு சேர்ந்தவர்கள், கையில் இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் விழிக்கும் வீட்டுப் பெரியவர்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவாக, நான் வகுப்பில் செல்லும் வழியையே இங்கே எழுதுகிறேன். இதற்கு ஒரு கைக்கண்ணாடி, ஒரு டார்ச், கொஞ்சம் ஜவ்வரிசி, இரண்டு துளி அயோடின் ஆகியவை போதும்.

முதல் படி: 'நாளம்' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நாளம் என்றால் குழாய். தாமரைத் தண்டைப் போல உள்ளே துளையுள்ள எதற்கும் இந்தச் சொல் பொருந்தும். தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு இங்கேயே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. 'இரத்த நாளம்' என்ற சொல்லை முன்பே கேட்டுப் பழகியிருப்பதால், நாளமில்லாச் சுரப்பி என்றதும் இரத்தக் குழாய் இல்லாத சுரப்பி என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. நாளமில்லாச் சுரப்பிகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் அடர்ந்திருக்கும். இருபது கிராம் அளவே எடையுள்ள தைராய்டு, தன் எடைக்கு மிக அதிகமான இரத்த ஓட்டம் பெறும் உறுப்புகளுள் ஒன்று. இங்கே இல்லை என்று சொல்லப்படுவது, சுரந்த பொருளை வெளியே எடுத்துச்செல்லும் சொந்தக் குழாய் மட்டுமே.

ஆகவே எந்தச் சுரப்பியைக் கண்டாலும், சுரந்த பொருள் எங்கே போகிறது என்ற ஒரே கேள்வியை முதலில் கேளுங்கள். ஒரு குழாய் வழியாகத் தோலின் மேற்பரப்புக்கோ, வாய், இரைப்பை, குடல் போன்ற உள்ளறைகளுக்கோ போனால் அது நாளமுள்ள சுரப்பி. சுற்றியுள்ள திசுநீரில் கசிந்து நேரே இரத்தத்தில் கலந்தால் அது நாளமில்லாச் சுரப்பி, சுரந்த பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். குடலின் உட்புறம் உடலுக்கு 'வெளியே' என்ற கணக்கில் சேர்வது முதலில் விந்தையாகத் தோன்றும். வாயிலிருந்து ஆசனவாய் வரை உடலைத் துளைத்துச் செல்லும் ஒரே சுரங்கமாக உணவுப்பாதையைக் கற்பனை செய்தால், சுரங்கத்தின் சுவரும் ஒரு வெளிப்பரப்பே என்பது விளங்கிவிடும்.

இரண்டாம் படி: ஒரு நாளத்தின் வாயைக் கண்ணால் பாருங்கள்

படத்தில் பார்ப்பதைவிடத் தன் வாயிலேயே பார்த்தவர்கள் இதை மறப்பதில்லை. வெளிச்சத்தில் நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான விரலால் ஒரு பக்கக் கன்னத்தை வெளிப்புறமாக இழுத்து, கன்னத்தின் உட்பக்கத்தில் டார்ச் அடியுங்கள். மேல் தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு நேர் எதிரே, கடுகளவில் ஒரு சிறு மேடு தெரியும். காதுக்கு முன்னும் கீழுமாக அமைந்திருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் திறக்கும் இடம் அது. அந்த மேட்டைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, நாக்கில் சிறிது புளியை வையுங்கள். மாங்காய்க் காலமாக இருந்தால், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய ஒரு கீற்று இன்னும் விரைவாக வேலை செய்யும். சில நொடிகளில் அந்தப் புள்ளியில் தெளிந்த நீர்த்துளி ஊறித் திரளும், பொறுமையாகப் பார்த்தால் அது கன்னத்தில் வழிந்து இறங்குவதும் தெரியும்.

நாக்கைத் தூக்கி அடியில் பார்த்தால், நடுநரம்பு போன்ற மடிப்பின் இருபுறமும் கீழ்த்தாடைச் சுரப்பிகளின் வாய்கள் தெரியும். இவற்றோடு நாவடிச் சுரப்பிகளையும் சேர்த்து மூன்று இணைப் பெரிய சுரப்பிகள் தரும் உமிழ்நீர், ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை ஒட்டி இருக்கும்.

மூன்றாம் படி: அந்த நீர் செய்யும் வேலையை ஜவ்வரிசிக் கஞ்சியில் பாருங்கள்

நம் ஊரில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவிலிருந்து செய்யப்படும் அது ஏறக்குறைய முழுவதும் ஸ்டார்ச் என்பதால், இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஒரு தேக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, மேலே நிற்கும் கஞ்சித் தெளிவை மட்டும் எடுத்து, அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். கஞ்சி கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வரும்வரை கட்டாயம் காத்திருங்கள். பின்னர் இரண்டு சிறிய கண்ணாடிக் குவளைகளில் சம அளவில் ஊற்றி, வாயைக் கொப்பளித்த பிறகு ஊறும் உங்கள் உமிழ்நீரில் ஒரு தேக்கரண்டி அளவை ஒன்றிலும், அதே அளவு தண்ணீரை மற்றதிலும் சேர்த்துக் கலக்கி வையுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து இரண்டிலும் மருந்துக்கடை அயோடின் ஒவ்வொரு துளி விடுங்கள். தண்ணீர் சேர்த்த குவளை கருநீலமாகும். உமிழ்நீர் சேர்த்ததில் நீலம் வராது, அல்லது மிக வெளிறியே வரும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை வெட்டிச் சிறிய சர்க்கரைகளாக்கிவிட்டதே இதற்குக் காரணம். முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிடுங்கள்.

காத்திருங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் முறை வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, மணியடிக்கப் போகிறதே என்ற அவசரத்தில் கொதிக்கும் கஞ்சியிலேயே உமிழ்நீரைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அத்தனை குவளைகளும் ஒன்றுபோல் நீலமாகி நின்றன. நொதி ஒரு புரதம், கொதிநீரில் அது சிதைந்துவிடும் என்று அதே வாரம்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். அமைலேஸ் உடல் வெப்பமான 37 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். சித்திரை மாதச் சேலத்தில் குவளையை மேசைமேல் வைத்தாலே போதும். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் செய்பவர்கள் குவளைகளை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைக்க வேண்டும், இல்லையென்றால் நேரம் இழுக்கும்.

இந்தச் சோதனையில் நாளமுள்ள சுரப்பிகளின் குணம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சுரந்த பொருளை நேரில் பார்க்கலாம், குவளையில் பிடிக்கலாம், அது சென்று சேரும் இடம் அருகிலேயே இருக்கும், அந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடும். கண்ணீர், வியர்வை, தோலின் எண்ணெய்ப்பசை, காதுக்குறும்பி, தாய்ப்பால், இரைப்பை நீர், பித்தநீர் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

நான்காம் படி: பார்க்க முடியாததைப் பேருந்து நிலையத்தில் கேளுங்கள்

ஹார்மோனை இப்படிக் குவளையில் பிடித்துக் காட்ட முடியாது, அதன் அளவு அவ்வளவு குறைவு. அது இரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றுகிறது, ஆனால் எல்லா உறுப்பும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பேருந்து நிலையத்தில் நடத்துநர் "ஏற்காடு, ஏற்காடு" என்று குரல் கொடுக்கும்போது அங்கே நிற்கும் அத்தனை பேர் காதிலும் அது விழுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு எழுபவர்கள் ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மட்டுமே. மேட்டூருக்குப் போகிறவர் அசையாமல் நிலக்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். ஹார்மோனும் அப்படித்தான், அதற்குப் பொருந்தும் ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல்தான் எழுந்து வேலை செய்யும். சுரக்கும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தாலும் தடையில்லை. மண்டையோட்டின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி, சிறுநீரகத்தையும் அண்டகத்தையும் மார்பகத்தையும் இயக்குவது இப்படித்தான்.

குரல் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்பது ஹார்மோனுக்கு ஹார்மோன் மாறும். இரத்தத்தில் அட்ரினலினின் அளவு இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிடும், இன்சுலினுக்கு ஐந்து நிமிடம் அளவு ஆகும், தைராய்டு சுரக்கும் தைராக்ஸினுக்கோ ஏறத்தாழ ஒரு வாரம். தைராய்டு மாத்திரையை நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டால் போதுமாக இருப்பதும், அளவை மாற்றியபின் மறுபரிசோதனைக்கு ஆறு வாரம் அளவு காத்திருக்கச் சொல்வதும் இந்த நீண்ட ஆயுளால்தான்.

ஐந்தாம் படி: இரண்டும் சேர்ந்து இயங்குவதை மலைப்பாதையில் கவனியுங்கள்

இரண்டும் தனித்தனி உலகங்கள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. அதைப் போக்க, கோடையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒருமுறை பேருந்தில் போகும்போது உங்கள் உடலையே கவனித்துவரச் சொல்வேன். அஸ்தம்பட்டியும் கோரிமேடும் தாண்டி அடிவாரம் வரும்வரை வியர்வை ஊற்றுகிறது. தோலில் இருபது முதல் நாற்பது இலட்சம் வரை உள்ள வியர்வைச் சுரப்பிகள் ஒவ்வொன்றும், தோலுக்கடியில் நூற்கண்டு போலச் சுருண்டு, ஒரு குழாய் வழியாக மேலே திறக்கின்றன. நீர் இப்படி வெளியேறி இரத்தம் சற்று அடர்த்தியாவதை மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் கண்டுகொண்டதும், பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வாசோப்ரசின் என்ற ஹார்மோன் வெளியாகிறது. அது சிறுநீரகத்துக்குச் சென்று நீரைச் சேமிக்கச் சொல்வதால் சிறுநீர் குறைந்து மஞ்சள் கூடுகிறது.

பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகள். எதிரே திடீரென்று ஒரு லாரி முளைத்தால் நெஞ்சு படபடக்கிறதே, அந்தப் படபடப்பில் நரம்பின் பங்கும் உண்டு, சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் பங்கும் உண்டு. லாரி போன பிறகும் சில நிமிடங்கள் நெஞ்சு அடங்காதது, அட்ரினலின் இன்னும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதன் அறிகுறி. அந்த நேரத்தில் நாக்கு வறளும். குமட்டல் வந்தவர்களுக்கோ வாய் நிறைய நீர் ஊறும். மேலே ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்காற்றில் இறங்கியதும் வியர்வை நின்றுவிடுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் உள்ளே திரும்புவதால், நீர் மிகுந்துவிட்டது போன்ற கணக்கில் வாசோப்ரசின் குறைகிறது. ஏரிக்கரைக்குப் போவதற்குமுன் எல்லோரும் கழிப்பறை தேடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

மலையிலேயே பிறந்து வளர்ந்து, கோடையில் வேலைக்காகச் சேலத்துக்கு இறங்கிவருபவரின் சட்டையில் முதல் சில நாட்கள் உப்புப் பூத்த வெள்ளைக் கோடுகள் நன்றாகத் தெரியும். ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை குறையாவிட்டாலும் அந்தக் கோடுகள் மங்கிவிடுகின்றன. அட்ரினல் சுரப்பியின் புறணியிலிருந்து (வெளிப்பகுதியிலிருந்து) வரும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன், வியர்வைக் குழாயின் சுவரைச் சோடியத்தை மீட்டெடுக்கச் சொல்கிறது. நாளமில்லாச் சுரப்பி ஒன்று, நாளமுள்ள சுரப்பியின் குழாய்க்கே வந்து உப்பை மிச்சப்படுத்தும் இந்த ஏற்பாட்டைப் போல எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு வேறில்லை. குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்குவதும் இதே வகை.

ஹார்மோன் என்ற கருத்தே இத்தகைய ஒரு கூட்டுவேலையைத் தேடியபோது பிறந்ததுதான். 1902-ஆம் ஆண்டில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடல் பகுதி ஒன்றுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பு இல்லாமலே கணையநீர் சுரந்தது. குடலின் உட்படலத்தைச் சுரண்டி அமிலத்தோடு அரைத்து வடித்து இரத்தக் குழாயில் செலுத்தியபோதும் சுரந்தது. செய்தி இரத்தத்தின் வழியே போகிறது என்பது அப்போது உறுதியானது. ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905-இல் பயன்படுத்தினார்.

ஆறாம் படி: கோளாற்றை வைத்து இனம் காணுங்கள்

குழாய் உள்ள இடத்தில் அடைப்பு வரும். கோடையில் சேலத்துப் பிள்ளைகளின் கழுத்திலும் முதுகிலும் பொரிந்து நிற்கும் வேர்க்குரு, வியர்வைக் குழாய்கள் அடைபட்டதன் விளைவு. கண்ணிமை ஓரத்தில் வரும் கண்கட்டியும் முகப்பருவும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவதில் தொடங்குகின்றன. கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயில் கல் உண்டானவருக்குச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தாடைக்கடியில் வீங்கி, சாப்பிட்டு முடித்துச் சிறிது நேரத்தில் வற்றும். சாப்பாட்டு நேரத்தோடு ஏறி இறங்கும் வீக்கம் என்று கேட்டவுடனே குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் இல்லாத இடத்தில் கேள்வியே வேறு: அளவு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, அல்லது அளவு சரியாக இருந்தும் செல்கள் கேட்க மறுக்கின்றனவா? இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இந்த மூன்றாவதில் தொடங்குகிறது, நடத்துநர் கத்தியும் பயணி காதில் பஞ்சு வைத்திருப்பதைப் போல. இந்தக் கோளாறுகளுக்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படுவது, பொருள் இரத்தத்தில் இருப்பதால்தான். அறிக்கையில் புதியவர்களை அதிகம் குழப்புவது டி.எஸ்.எச். என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. அது 12 என்று வந்தால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து வருவதல்ல, தைராய்டை வேலைவாங்கும் பிட்யூட்டரியின் அதட்டல். தைராய்டு சோம்பினால் அதட்டல் உயரும், ஆகவே உயர்ந்த எண் பெரும்பாலும் குறைந்த தைராய்டையே காட்டும். மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அவர் சொல்வது விளங்குவதற்கு இந்தத் தலைகீழ்க் கணக்குப் போதும்.

கழுத்து வீக்கத்தையும் இப்படியே பிரிக்கலாம். காதுக்குக் கீழே தாடை மறையும்படி வீங்கி, வீட்டில் பாட்டி பொன் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடுகிறாரே, அந்தப் பொன்னுக்குவீங்கி பரோடிட் சுரப்பியைத் தாக்கும் வைரஸ் நோய். சங்கிலிக்கும் அது ஆறுவதற்கும் தொடர்பில்லை. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே தெரியும் வீக்கம் தைராய்டாக இருக்கலாம். கண்ணாடி முன் நின்று தலையைச் சற்று உயர்த்தி ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கினால், தைராய்டு வீக்கம் விழுங்குதலோடு மேலேறி இறங்கும். அயோடின் குறைவு இதற்கு நெடுங்காலக் காரணம், அதனால்தான் சமையல் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். குச்சிக்கிழங்கு தைராய்டைக் கெடுக்குமா என்று நம் பகுதியில் அடிக்கடி கேட்கிறார்கள். அயோடின் கிடைக்காத ஆப்பிரிக்க வட்டாரங்கள் சிலவற்றில், சரியாகப் பக்குவப்படுத்தாத கிழங்கையே அன்றாடம் உண்டவர்களிடம் கழலை எனப்படும் தைராய்டு வீக்கம் கூடியது உண்மை. அயோடின் உப்புப் போட்டு, வேகவைத்து நீரை வடித்து, மற்ற உணவுகளோடு எப்போதாவது சாப்பிடுபவர் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: இரண்டு பக்கமும் நிற்கும் கணையம்

இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையம் சுமார் பதினைந்து சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி, குடலுக்குள் குழாய் வழியே நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீரை ஊற்றுகிறது. நடுநடுவே தீவுகளைப் போலச் சிதறிக்கிடக்கும் செல்கூட்டங்கள், கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருந்தாலும், இன்சுலினையும் குளுக்ககானையும் இரத்தத்தில் விடுகின்றன. இவற்றை லாங்கர்ஹான்ஸ் 1869-இல் விவரித்தபோது இவற்றின் வேலை அவருக்குத் தெரியாது.

இரண்டு பகுதிகளும் உண்மையிலேயே வேறு வேறு என்பதை ஒரு நூல்முடிச்சு காட்டிக்கொடுத்தது. 1921-இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையக் குழாயைக் கட்டிவிட்டுச் சில வாரங்கள் காத்திருந்தார்கள். வெளியேற வழியில்லாத செரிமானப் பகுதி சுருங்கி நைந்தது. குழாயையே நம்பியிராத தீவுகள் எஞ்சின. அந்த எச்சத்திலிருந்து எடுத்த சாறு, கணையம் அகற்றப்பட்ட நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது, அடுத்த ஆண்டு சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மனிதர்களில் பித்தப்பைக் கல் வந்து இந்தக் குழாயை அடைத்தால், செரிமான நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்கும், கடும் வயிற்றுவலியோடு இரத்தத்தில் அமைலேஸும், கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸும் உயரும். குழாயில் போகவேண்டியது இரத்தத்தில் தென்படுவதே அங்கே நோயின் அடையாளம்.

எட்டாம் படி: மாட்டிக்கொள்ளும் இடங்கள்

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது சுரப்பியே அல்ல. அது நிணநீர் முடிச்சு, எதையும் குழாயிலோ இரத்தத்திலோ சுரந்து அனுப்பும் வேலை அதற்கில்லை. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கும் மண்ணீரலும் அப்படித்தான், கணையத்தோடு அதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. குடலின் உட்சுவரில் கோழை சுரக்கும் கோப்பைச் செல்கள் இன்னும் தந்திரமானவை: ஒற்றைச் செல், குழாயும் கிடையாது, ஆனால் சுரந்தது பரப்பின்மேல் விழுவதால் அவை நாளமுள்ள சுரப்பிகளின் கணக்கிலேயே சேரும். 'நாளம் இருக்கிறதா' என்று கேட்டவர் இங்கே தவறுவார். தைராய்டு வேறு விதமாக ஏமாற்றும். கருவில் அது நாக்கின் வேர்ப்பகுதியில் தோன்றி ஒரு குழாயை இழுத்துக்கொண்டு கழுத்துக்கு இறங்குகிறது, பின்னர் அந்தக் குழாய் மறைந்து, நாக்கின் பின்புறத்தில் ஒரு சிறு குழி மட்டும் எஞ்சுகிறது.

இன்சுலினை ஏன் மாத்திரையாகத் தருவதில்லை என்று கேட்பவர்களுக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். அது புரதம், வாய் வழியே விழுங்கினால் இரைப்பை நீரும் கணைய நீரும் அதைப் பருப்பைச் செரிப்பதுபோல் செரித்துவிடும். கணையத்தின் ஒரு பகுதி செய்வதை மறுபகுதி அழித்துவிடும். தைராக்ஸின் அவ்வாறு சிதையாத சிறிய மூலக்கூறு என்பதால் மாத்திரையாகவே குடலில் உறிஞ்சப்படுகிறது. ஆனால் காப்பி அந்த உறிஞ்சலைக் குறைத்துவிடும். ஏற்காட்டுக் காப்பித்தூளின் மணம் அடுப்படியிலிருந்து எவ்வளவு அழைத்தாலும், வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்தே டம்ளரைத் தொட வேண்டும்.